கேமரா தயார், வழி தயாரா?

2024 ஜூலை 26 அன்று மாலை பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஒலிம்பிக் தொடக்க விழா நடந்தது. பல நாட்டு வீரர்களை ஏற்றிய படகுகள் கொட்டும் மழையில் வரிசையாகப் போயின. உலகமே பார்க்கும் அந்த நேரலைக்காகப் படகுகளில் பொருத்தியிருந்தவை சாம்சங் கைபேசிகள். எண்ணிக்கையில் 200க்கும் மேல். கடைக்குப் போனால் யாரும் வாங்கக்கூடிய மாடல்தான் அது. ஆனால் அந்தக் கைபேசிகள் படத்தை அனுப்பிய வழியைக் கடையில் வாங்க முடியாது. ஆரஞ்சு என்ற பிரெஞ்சுத் தொலைத்தொடர்பு நிறுவனம் அந்த விழாவுக்காகவே ஒரு தனி 5ஜி வலைப்பின்னலை ஆற்றோரம் அமைத்திருந்தது. கரையில் நின்ற லட்சக்கணக்கான பார்வையாளர்களின் கைபேசிகளுக்கு அதில் இடமில்லை.

கைபேசி வழியே நேரலை என்றதும் நம் ஊரில் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றித்தான். எந்த மாடல், 4கே வருமா, என்ன லென்ஸ் என்று பேச்சு போகும். அடுத்து எந்த ஆப் என்று கேட்பார்கள். படம் கிளம்பிப் போகிற வழியைப் பற்றிய கேள்வி கடைசியில் வரும், அல்லது வரவே வராது. நேரலைகள் விழுவதோ பெரும்பாலும் அந்த வழியில்தான். கையில் இருக்கும் கேமராக்கள் போதுமான அளவு நல்லவை, கைபேசியும் போதுமான அளவு வல்லது. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மொபைல் வலைப்பின்னல் மட்டும் பார்ப்பவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. காட்டுபவரை அது ஒருபோதும் முக்கியமான வாடிக்கையாளராக எண்ணியதில்லை. இந்தத் துறையின் வரலாற்றையும் இன்றைய நடைமுறையையும் சேர்த்துப் பார்த்தால், எல்லாச் சிக்கலும் எல்லாத் தீர்வும் இந்த ஒரு இடத்தைச் சுற்றியே வருவது தெரியும்.

2007 மார்ச்சில் சான்பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தன் தொப்பியில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை இரவு பகலாக இணையத்தில் காட்டத் தொடங்கினார். ஜஸ்டின்.டிவி என்பது அந்தத் தளத்தின் பெயர். கேமரா சின்னது, முதுகில் இருந்த பை பெரிது. பைக்குள் ஒரு கணினியும், ஒரு மோடம் போதாது என்பதால் பல மொபைல் மோடம்களும் இருந்தன. அந்தக் கருவியை அமைத்தவர் கைல் வோக்ட். அந்தத் தளத்திலிருந்து 2011இல் ட்விட்ச் பிறந்தது; 2014இல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் நேரலை வரலாற்றில் அந்த விலையைவிட முக்கியமானது அந்தப் பை. ஒரு இணைப்பை நம்பி வீதியில் இறங்க முடியாது என்ற பாடம் முதல் நாளே அதற்குள் அடங்கியிருந்தது.

தொலைக்காட்சிக்காரர்களும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள். அதுவரை வெளியிடத்திலிருந்து நேரலை தருவதென்றால் கூரையில் டிஷ் வைத்த வேன் வேண்டும். வேன் நிற்க இடம் வேண்டும், டிஷ்ஷைச் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பிப் பிடிக்க ஆள் வேண்டும், செயற்கைக்கோளில் நேரம் வாங்க வேண்டும். 2006இல் இஸ்ரேலில் தொடங்கிய லைவ்யூ போன்ற நிறுவனங்கள் பல சிம்களை ஒரே பெட்டிக்குள் போட்டு, படத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு சிம் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, மறுமுனையில் ஒன்றுசேர்க்கும் முறையைக் கொண்டுவந்தன. பாண்டிங் என்று இதற்குப் பெயர். ஒரு சிம்மில் சிக்னல் போனாலும் மற்றவை தாங்கும். இன்று செய்தியாளரின் முதுகில் தொங்கும் பையில் இருப்பது இதுதான்.

சாமானியர் கைக்கு நேரலை வந்தது வேறு வழியில். 2000களின் இறுதியில் க்விக், பாம்பியூசர் போன்ற சேவைகள் நோக்கியா கைபேசியிலிருந்தே படத்தை இணையத்துக்கு ஏற்றின. படம் மங்கல்தான், ஆனாலும் அதன் வலிமையை அரசுகள் சீக்கிரம் புரிந்துகொண்டன. 2011 ஜனவரி இறுதியில் எகிப்தில் மக்கள் தெருவுக்கு வந்தபோது பாம்பியூசர் முடக்கப்பட்டது. மறு ஆண்டு சிரியாவிலும் அதே கதி. 2015இல் மீர்கேட், பெரிஸ்கோப் என்ற இரண்டு ஆப்கள் ஒரு சில வாரங்கள் இடைவெளியில் வந்து பரபரப்பாகப் பேசப்பட்டன. 2016 ஏப்ரலில் பேஸ்புக் தன் எல்லாப் பயனாளருக்கும் நேரலையைத் திறந்துவிட்டது. அந்தப் பெரிய கதவு திறந்தபின் சிறியவை நிலைக்கவில்லை. பெரிஸ்கோப் 2021 மார்ச்சில் மூடப்பட்டது.

தமிழ்நாட்டில் இதன் வீச்சு முதலில் பெரிதாகத் தெரிந்தது 2017 ஜனவரியில். ஜியோவின் 4ஜி சேவை தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட இளைஞர்கள் தொலைக்காட்சிக்குக் காத்திராமல் தாங்களே பேஸ்புக்கில் நேரலை போட்டார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது அந்தப் பழக்கம் வீட்டு விசேஷங்களுக்குள் நுழைந்தது. திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று மத்திய அரசு வரம்பு விதித்தது. வர முடியாத உறவினருக்கெல்லாம் ஒரு லிங்க் போனது. அந்த ஆண்டு மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது; ஊர் முழுக்க அதை இணைய நேரலையில் பார்த்தது. ஊரடங்கு முடிந்தது, லிங்க் அனுப்பும் வழக்கம் முடியவில்லை. கல்யாண போட்டோகிராபர் தரும் விலைப்பட்டியலில் ஆல்பம், டிரோன் ஆகியவற்றோடு 'லைவ்' என்றும் ஒரு வரி வந்து உட்கார்ந்துவிட்டது. கடல் கடந்து வாழும் குடும்பங்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் 25 நாள் திருவிழாவை டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் யாழ்ப்பாணத்தார் இன்று இப்படித்தான் பார்க்கிறார்கள். ஊரில் தாயின் இறுதிச் சடங்கு நடக்கும்போது விசா கிடைக்காத பிள்ளைக்கு எட்டுவதும் இதே நேரலைதான். அந்தப் படம் நடுவில் நின்றுபோவதை வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்க மனம் வராது.

இனி ஒரு கல்யாண நேரலையின் கருவி வரிசையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

மணவறைக்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு மிர்ரர்லெஸ் கேமரா. அதன் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் நகக்கண் அளவில் ஒரு மைக்ரோ ஹெச்.டி.எம்.ஐ. துளை. அதில் செருகிய கேபிளின் மறுமுனை, தீப்பெட்டியைவிடச் சற்றே நீளமான கேப்சர் கார்டில் போய் முடிகிறது. கேப்சர் கார்டிலிருந்து ஓடிஜி இணைப்பான் வழியே கைபேசிக்கு ஒரு கேபிள். கைபேசியில் உள்ள ஆப் படத்தைச் சுருக்கி, யூடியூபோ பேஸ்புக்கோ தந்த 'ஸ்ட்ரீம் கீ'யைப் போட்டு, மேலே அனுப்புகிறது. மொத்தம் இவ்வளவுதான். இதில் அதிகம் தொல்லை தருவது அந்த நகக்கண் துளை. கூட்டத்தில் யாராவது கேபிளை மிதித்தால் படம் போகும்; இரண்டு முறை இழுபட்டால் துளையே ஆட்டம் காணும். அனுபவசாலிகள் கேபிளை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, அதன்பிறகே கேமராவில் செருகுவார்கள். இழுபட்டாலும் இழுவை ஸ்டாண்டோடு நின்றுவிடும்.

கேமராவின் திரையில் தெரியும் பேட்டரி அளவும் போகஸ் கட்டமும் ஹெச்.டி.எம்.ஐ. வழியே சேர்ந்து போகாமல் இருக்க, மெனுவில் அவற்றை அணைக்க வேண்டும். 'கிளீன் ஹெச்.டி.எம்.ஐ.' என்பது இதைத்தான். சில பழைய கேமராக்களில் அந்த வசதியே கிடையாது. வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்டு எடுக்க வேண்டிய முதல் விஷயம் இது. தானாக அணையும் நேரத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். இல்லையேல் மாங்கல்யதாரணத்துக்கு முன் கேமரா தூங்கிவிடும்.

கேப்சர் கார்டுகளில் விலை மலிவானவை பெரும்பாலும் எம்.எஸ். 2109 என்ற சிப்பையோ அதன் உறவு சிப்பையோ கொண்டவை. யு.எஸ்.பி. 2.0 இணைப்பில் ஓடுபவை. அந்த இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080பி படம், நொடிக்கு 30 பிரேம் என்றால், வழக்கமான நிறக் கணக்கில் ஏறத்தாழ 1,000 மெகாபிட் ஆகிறது. கொள்ளாது. ஆகவே அந்தக் கார்டு ஒவ்வொரு பிரேமையும் ஒரு ஜேபெக் படமாகச் சுருக்கித்தான் கைபேசிக்குத் தருகிறது. கைபேசி அதைப் பிரித்து, மறுபடி ஹெச்.264 முறையில் சுருக்குகிறது. இரட்டை வேலை, இரட்டைச் சூடு. யு.எஸ்.பி. 3.0 கார்டு இந்த முதல் சுருக்கலைத் தவிர்க்க உதவும், ஆனால் கைபேசியின் துளையும் யு.எஸ்.பி. 3 ஆக இருந்தால்தான். நடுத்தர விலைக் கைபேசிகள் பலவற்றில் துளையின் வடிவம் மட்டும்தான் டைப்-சி. உள்ளே ஓடுவது பழைய 2.0. இதைப் பார்க்காமல் விலை உயர்ந்த கார்டை வாங்குவது வீண்செலவு.

வெளிக் கேமராவை ஏற்கும் வசதி ஆண்ட்ராய்டுக்குப் பழக்கமானது. ஆப்பிள் 2023இல் ஐபேட்ஓ.எஸ். 17 வந்தபோது டைப்-சி ஐபேடுகளுக்கு அதைக் கொடுத்தது. ஐபோனுக்கு அப்போது கொடுக்கவில்லை. கோப்ரோ போன்ற சின்னக் கேமராக்களுக்கு இந்தக் கேபிள் கதையே வேண்டாம். கைபேசி ஆப்பில் விவரங்களைப் பதிந்து, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கேமராவைச் சேர்த்தால் போதும், சுருக்கும் வேலையைக் கேமராவே செய்துகொள்ளும். டிரோன்களிலும் ரிமோட்டில் மாட்டிய கைபேசியின் ஆப் வழியே நேரலை போகும். எப்படிப் போனாலும் கடைசியில் எல்லாம் வந்து சேரும் இடம் ஒன்று: கைபேசியின் ஆன்டெனா.

அங்கே நிலவரம் எப்படி? கைபேசி அனுப்பும் ரேடியோ அலையின் உச்ச சக்தி வழக்கமாக 0.2 வாட். டவர் அனுப்புவது பல பத்து வாட். டவர் சொல்வது கைபேசிக்கு உரக்கக் கேட்கும். கைபேசி சொல்வது டவருக்கு முணுமுணுப்பாகவே போய்ச் சேரும். திரையில் நான்கு கோடு சிக்னல் காட்டும்போதும் அப்லோடு தள்ளாடுவதற்கு இது ஒரு காரணம். அந்தக் கோடுகள் டவரின் குரல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன.

இன்னொரு காரணம் வேண்டுமென்றே செய்யப்பட்ட பங்கீடு. ஜியோவும் ஏர்டெல்லும் 4ஜியில் பயன்படுத்தும் 2,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், 5ஜியின் முக்கிய அலைவரிசையான 3.3 கிகாஹெர்ட்ஸிலும் இறக்கத்துக்கும் (டவுன்லோடு) ஏற்றத்துக்கும் (அப்லோடு) ஒரே பாதைதான். நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 5ஜியில் உலகெங்கும் பரவலாக உள்ள ஏற்பாட்டில், ஐந்து பங்கு நேரத்தில் ஏற்றத்துக்குக் கிடைப்பது ஒரு பங்கைச் சுற்றித்தான். படம் பார்ப்பவர் பல கோடி, படம் அனுப்புபவர் சிலர் என்ற கணக்கில் இந்தப் பங்கீடு நியாயமானதே. ஆனால் ஒரு தேரோட்டத்தில், ஒரு மாநாட்டில், ஒரு கல்யாண மண்டபத்தில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே எல்லாரும் அனுப்புபவர்கள்.

அதிலும் கொடுமை, நெருக்கடி வந்து சேரும் நேரம். கெட்டிமேளம் கொட்டுகிறது. அட்சதை பறக்கிறது, பூ பறக்கிறது, பத்துப் பதினைந்து ஃபிளாஷ் வெட்டுகிறது. ஹெச்.264 போன்ற சுருக்கு முறைகள், முந்தின பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சப்படுத்துபவை. ஐயர் அசையாமல் உட்கார்ந்து மந்திரம் சொல்லும்போது மிச்சம் நிறைய. அட்சதை பறக்கும்போது திரையின் ஒவ்வொரு மூலையும் மாறுகிறது, மிச்சமே இல்லை. படத்துக்கு அதிக பிட் தேவைப்படும் அதே நொடியில் மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் தாலி கட்டும் காட்சியை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். தேவை ஏறுகிறது, வழி சுருங்குகிறது. காலையிலிருந்து தெளிவாக ஓடிய நேரலை சரியாகத் தாலி கட்டும்போது கட்டம் கட்டமாகச் சிதறுவதற்கு யாருடைய கண்ணும் காரணமில்லை. முழுக்க முழுக்க இந்தக் கணக்குதான்.

பழைய நெறிமுறை ஒன்றும் நிலைமையை மோசமாக்குகிறது. யூடியூபும் பேஸ்புக்கும் படத்தை வாங்கிக்கொள்ளும் வழக்கமான வாசல் ஆர்.டி.எம்.பி. ஃபிளாஷ் மென்பொருள் காலத்தில் மேக்ரோமீடியா நிறுவனம் உருவாக்கியது. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு ஓய்ந்தது, ஆர்.டி.எம்.பி. ஓயவில்லை. அதில் ஒரு துண்டு தொலைந்தால், அது வந்துசேரும்வரை பின்னால் வந்த துண்டுகள் எல்லாம் வரிசையில் நிற்கும். நல்ல இணைப்பில் இது தெரியாது. தள்ளாடும் மொபைல் இணைப்பில் வரிசை நீண்டு, கடைசியில் ஆப் பிரேம்களைத் தூக்கிப் போடும். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட எஸ்.ஆர்.டி. இதற்கு மாற்று. தொலைந்த துண்டைக் குறிப்பிட்ட கால அவகாசத்துக்குள் மறுபடி கேட்டு வாங்கும். அவகாசம் தாண்டினால் விட்டுவிட்டு நடக்கும். ஒரு நொடி இரண்டு நொடி தாமதத்தை விலையாகக் கொடுத்து உறுதியை வாங்கும் முறை. பிரபலத் தளங்களுக்கு அனுப்ப, நடுவில் ஒரு சர்வரை வைத்து எஸ்.ஆர்.டி.யை ஆர்.டி.எம்.பி.யாக மாற்ற வேண்டியிருப்பதுதான் இதில் உள்ள சிரமம். வீதியில் நடந்தபடி நேரலை போடும் வெளிநாட்டு இளைஞர்கள் இந்தச் சிரமத்தை விரும்பி ஏற்கிறார்கள். பெலாபாக்ஸ் என்ற திறந்த மென்பொருளை ஒரு சின்னக் கணினியில் ஏற்றி, நான்கைந்து இணைப்புகளைச் சேர்த்துத் தாங்களே பாண்டிங் பை செய்துகொள்கிறார்கள். ஜஸ்டின் கானின் முதுகுப் பை பத்திருபது ஆண்டில் எல்லார் கைக்கும் எட்டும் விலைக்கு வந்திருக்கிறது.

மண்டபத்துக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஒரு கிராமத்து முகூர்த்தத்துக்கோ துக்க வீட்டுக்கோ செய்யக்கூடியவை எளியவை. முதல் நாளே அதே நேரத்தில் அந்த இடத்தில் நின்று வேகத்தைச் சோதிக்க வேண்டும். பார்க்க வேண்டியது அப்லோடு எண்ணை. ஒரே ஒரு நெட்வொர்க்கை நம்பாமல் வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு சிம்மாவது இருக்க வேண்டும். சோதனையில் கிடைத்த அப்லோடில் பாதிக்கு மேல் பிட்ரேட் (படம் நொடிக்கு எடுத்துக்கொள்ளும் பிட் அளவு) வைக்கக்கூடாது. லாரிக்ஸ் போன்ற ஆப்களில் வழிக்கேற்பப் பிட்ரேட் தானாக ஏறி இறங்கும் வசதி உண்டு. அதை இயக்கிவைக்க வேண்டும். 1080பி மோகத்தை விட்டு 720பியில் நின்றால், நொடிக்கு 2.5 முதல் 4 மெகாபிட்டுக்குள் வேலை முடியும். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள், அந்தத் திரையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நின்று நின்று வரும் 1080பியைவிட நிற்காமல் வரும் 720பி ஆயிரம் மடங்கு மேல்.

டேட்டா கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 1.5 ஜிபி என்ற பிளானில் இருக்கும் சிம் 50 நிமிடத்தில் காலி. அதற்குமேல் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும், அதில் படம் போகாது. நேரலை போடும் சிம்முக்கு அழைப்பு வந்தாலும் ஆபத்து. பல கைபேசிகளில் மைக் அழைப்புக்குப் போய்விடும். யாருக்கும் நம்பர் தெரியாத தனி சிம்மும் தனி கைபேசியும் வைத்திருப்பது இந்தத் தொழிலில் ஆடம்பரம் ஆகாது. சூட்டுக்கும் வழி செய்ய வேண்டும். கவரைக் கழற்றி, திரை ஒளியைக் குறைத்து, டேபிள் ஃபேன் காற்று படும் இடத்தில் கைபேசியை வைப்பதே போதும். கைபேசியில் இருக்கும் ஒற்றைத் துளையைக் கேப்சர் கார்டு பிடித்துக்கொள்வதால், சார்ஜ் ஏற இடம் விடும் ஹப் வேண்டும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, மொபைல் நெட்வொர்க்கையே தவிர்ப்பது. மண்டப அலுவலகத்தில் ஃபைபர் இணைப்பு இருந்தால், அங்கிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, யு.எஸ்.பி. அடாப்டர் வழியே கைபேசிக்குக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு அதை ஏற்கும். அந்தக் கேபிளின் விலை கேமரா லென்ஸின் மூடி விலையைத் தாண்டாது.

ஒலியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. படம் சற்று மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். ஒலி கரகரத்தால் மூடிவிட்டுப் போய்விடுவார். ஆப்பில் ஒலி வரும் இடமாக 'யு.எஸ்.பி.' என்று தேர்ந்தெடுக்காவிட்டால், மணவறைப் படத்தோடு போவது கைபேசிப் பக்கத்தில் நிற்பவரின் பேச்சு. மண்டபத்து மிக்சரிலிருந்து லைன் எடுத்துக் கேமராவின் மைக் துளையில் நேராகச் செருகினால் ஒலி வெடிக்கும், ஏனெனில் லைன் அளவு மைக் அளவைவிடப் பல மடங்கு பெரிது. நடுவில் அளவைக் குறைக்கும் கேபிள் வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் எதிரே இருக்கும்போது தானியங்கி ஒலியளவை அணைத்து, கெட்டிமேளத்தை மனதில் வைத்து அளவைத் தாழ்த்தி வைப்பவரே விஷயம் தெரிந்தவர்.

பிறகு தாமதம். கைபேசியிலிருந்து கிளம்பிய படம் யூடியூபின் சர்வரில் பல தரங்களாக மாற்றப்பட்டு, சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, பார்ப்பவரிடம் போகிறது. மொத்தத்தில் சில நொடியிலிருந்து அரை நிமிடம்வரை ஆகும். லண்டனில் இருக்கும் அத்தைக்கு மண்டபத்திலிருந்து அண்ணன் மகள் போனில் 'தாலி கட்டியாச்சு அத்தே' என்று சொல்லும்போது, அத்தையின் திரையில் மாப்பிள்ளை இன்னும் மாங்கல்யத்தைக் கையிலேயே எடுத்திருக்க மாட்டார். ஆசி சொல்ல அத்தையையும் மேடையில் திரை வைத்துச் சேர்க்க வேண்டுமென்றால் யூடியூப் நேரலை உதவாது. வீடியோ அழைப்பின் அடிப்படையான வெப்ஆர்.டி.சி. முறை வேண்டும். அது தாமதத்தை அரை நொடிக்கும் கீழே கொண்டுவரும். ஆனால் தள்ளாடும் இணைப்பில் படத்தின் தரத்தை அது உடனே பலி கொடுத்துவிடும். இரண்டையும் ஒரே இணைப்பில் எதிர்பார்ப்பதுதான் பல மேடைகளில் நடக்கும் தவறு.

தளங்களின் விதிகளையும் முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் ஒரு சேனல் முதன்முதலாக நேரலையை இயக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். முகூர்த்தத்தன்று காலையில் கணக்குத் தொடங்குபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். யூடியூபின் கைபேசி ஆப்பிலிருந்தே நேரலை போட 50 சந்தாதாரராவது வேண்டும். ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டை யூடியூபின் காப்புரிமைக் கண்காணிப்பு கண்டுபிடித்தால் நேரலை நடுவிலேயே மறைக்கப்படலாம். வரவேற்பு நிகழ்ச்சியில் பாட்டு போடுபவரிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது. பேஸ்புக் 2025 பிப்ரவரி முதல் புதிய நேரலைப் பதிவுகளை 30 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. லிங்க் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் குடும்பம் அதையும் இழக்கும். கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதிவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது கட்டாயம்.

இந்த எளிமைக்கு ஒரு பயங்கரமான பக்கமும் உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், தலையில் மாட்டிய கேமராவின் காட்சியைப் பேஸ்புக்கில் நேரலையாக ஓடவிட்டான். 17 நிமிடம் ஓடியது. நேரலையில் பார்த்தவர் 200க்கும் குறைவு. முதல் புகார் வந்தது நேரலை முடிந்து 12 நிமிடம் கழித்து. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் பேஸ்புக் தன் தளத்திலிருந்து நீக்கிய பிரதிகள் 15 லட்சம்; அவற்றில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. நேரலையைக் காண வந்தவரைவிட, அதைப் பிரதியெடுத்துப் பரப்பியவர்கள்தான் பெரும் தீங்கு செய்தார்கள் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அதன்பிறகு பேஸ்புக் கடுமையான விதிமீறலுக்கு ஒரே முறையில் நேரலை உரிமையைப் பறிக்கும் விதியைக் கொண்டுவந்தது. சிறிய அளவிலும் கவனம் தேவை. இறுதிச் சடங்கின் பெயரில் போலி நேரலை லிங்க் அனுப்பி, துக்கத்தில் இருப்பவர்களிடம் கார்டு விவரம் கேட்கும் மோசடி பிரிட்டனில் அம்பலமாகியிருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் மட்டும் லிங்க்கை அனுப்புவது, தேடினால் கிடைக்காத 'அன்லிஸ்டட்' நிலையில் வைப்பது, பார்க்கப் பணம் எதுவும் இல்லை என்று முன்பே சொல்லிவிடுவது ஆகிய மூன்றும் போதுமான காவல்.

வழியைப் பற்றிய கேள்விக்குத் திரும்பினால், அதைச் சரிசெய்வது நேரலை போடுபவரின் சாமர்த்தியத்தால் மட்டும் ஆகாது. 2023 மே மாதம் பிரிட்டன் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவில், ஐ.டி.என். செய்தி நிறுவனத்துக்காக வோடபோன் தன் பொது 5ஜி வலைப்பின்னலுக்குள்ளேயே ஒரு பகுதியை ஒதுக்கித் தந்தது. ஸ்லைசிங் என்னும் இந்த வசதியைத் 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் 5ஜி வலைப்பின்னல் உள்ள எந்த நிறுவனமும் தரலாம். பெரிய ஊடகத்துக்குத் தருவதை ஒரு நாள் வாடகைக்கு ஒரு கல்யாண போட்டோகிராபருக்கும் தர முடியும். நாட்கணக்கில் டேட்டா பேக் விற்கும் நிறுவனங்களுக்கு, இரண்டு மணி நேர அப்லோடு பேக் விற்பது பெரிய காரியமாக இருக்காது.

சட்டமும் கொஞ்சம் அசைய வேண்டும். பிராட்பேண்ட் என்றால் என்ன என்பதற்கு இந்திய அரசு 2023 ஜனவரியில் புதிய வரையறை தந்தது: குறைந்தபட்ச இறக்க வேகம் 512 கிலோபிட் என்று இருந்தது 2 மெகாபிட் ஆனது. ஏற்ற வேகத்துக்குக் குறைந்தபட்சம் எதுவும் அதில் சொல்லப்படவில்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2015இல் வைத்த அளவு இறக்கத்துக்கு 25, ஏற்றத்துக்கு 3 மெகாபிட். 2024 மார்ச்சில் அதை 100க்கும் 20க்கும் உயர்த்தியது. அந்த 20 என்ற எண் இங்கே உடனே சாத்தியமில்லை என்று யாராவது சொல்லலாம், அது நியாயமான வாதம். ஆனால் 1 என்றுகூட ஓர் எண் இல்லாதவரை, அப்லோடு வரவில்லை என்று புகார் செய்ய ஒரு வாடிக்கையாளருக்கு அடிப்படையே இல்லை. கிராமத்துத் துக்க வீட்டிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைக்குப் படம் அனுப்ப நிற்பவர் கேட்பது நொடிக்கு 2 மெகாபிட், மூன்று மணி நேரம். அதற்கான எண் வரையறையில் ஏறினால், நிறுவனங்கள் அதை அளந்து காட்ட வேண்டிவரும். அளக்கத் தொடங்கினால்தான் எந்தக் கிராமத்து டவர் எந்த நேரத்தில் திணறுகிறது என்பது வெளியே வரும்.